எரித்ரியாவில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி இதுதான்: "ஆப்பிரிக்கா என்றால் எல்லோரும் கென்யா, தான்சானியா, விட்டால் எகிப்து என்று போகிறார்கள். யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு நாட்டுக்குப் போக ஆசை. எரித்ரியா எப்படி? பத்து நாள் சுற்றுகிற அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா? பயமில்லாமல் போகலாமா?"

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000களின் பிற்பகுதியில் அந்த நாட்டுக் கல்லூரி ஒன்றில் நான்கு வருஷம் கணக்குப் பாடம் நடத்தினேன். அப்போது அங்கே இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தோம். பிறகு 2019இல் மனைவியோடு வெறும் பயணியாக இரண்டு வாரம் போய்வந்தேன். அந்த ஊர்மேல் எனக்குப் பிரியம் உண்டு, கோபமும் உண்டு. இரண்டும் இந்தப் பதிலில் இருக்கும்.

சிங்கம், ஒட்டகச்சிவிங்கி பார்க்கத்தான் ஆப்பிரிக்கா என்றால் எரித்ரியா வேண்டாம். ஒட்டகம் நிறைய உண்டு, சிவிங்கிக்கு வேறு நாடு பாருங்கள். அந்த நாட்டுக்கு முக்கியக் காரணம் ஒரு நகரம், ஒரு மலைச்சாலை, கடலோரத்தில் பாதி இடிந்த ஒரு துறைமுகம். அப்புறம் சாப்பாடு.

தலைநகர் அஸ்மாராவிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடல்மட்டத்திலிருந்து 2,325 மீட்டர், ஊட்டியைவிட ஒரு படி மேலே. ஸ்வெட்டரை எடுக்கவா வேண்டாமா என்று வருஷம் முழுக்க யோசிக்க வைக்கிற காற்று. முதல் இரண்டு நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பயப்பட வேண்டாம், அது உயரத்தின் வேலை.

நடுவில் ஓடுகிற பெரிய வீதிக்கு ஹார்னெத் என்று பெயர், திக்ரிஞா மொழியில் விடுதலை. அந்த ஒரு தெருவின் பழைய பெயர்களைச் சொன்னாலே நாட்டின் நூறு வருஷ வரலாறு வந்துவிடும்: இத்தாலியர் காலத்தில் முசோலினி வீதி, முசோலினி போனபின் இத்தாலி வீதி, எத்தியோப்பியாவோடு இணைந்தபோது ஹைலே செலாசி வீதி, அந்தப் பேரரசரைக் கவிழ்த்த ராணுவ ஆட்சியில் தேசிய வீதி, 1991க்குப் பிறகு விடுதலை வீதி. இரு பக்கமும் பனைபோல் உயர்ந்த மரங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் ஊரே நன்றாக உடுத்திக்கொண்டு அங்கே நடக்க வரும். போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. தெருவின் கடைசிவரை போவார்கள், திரும்பி வருவார்கள், மறுபடி போவார்கள். இத்தாலியர் விட்டுப்போன பழக்கம், இப்போது முழுக்க அவர்களுடையது. கோட்டும் தொப்பியுமாக வரும் தாத்தாக்களில் இருவர் எதிரெதிரே வந்தால் கைகுலுக்கியபடியே வலது தோளை வலது தோளில் மூன்று முறை இடித்துக்கொள்வார்கள். முப்பது வருஷப் போரில் ஒன்றாக இருந்தவர்களின் வணக்கம் அது. என் மாணவர்கள் சிலர் எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் தடவை இடது தோளைக் கொடுத்து மூக்கில் வாங்கிக்கொண்டேன்.

அந்த வீதியில் பெரிய விளம்பரத் தட்டி கிடையாது. உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் காப்பிக்கடை, பர்கர் கடை ஒன்றுகூடக் கிடையாது. ஓட்டலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் போனைப் பார்க்க மாட்டார், உங்களைப் பார்ப்பார். பார்க்க அந்தப் போனில் ஒன்றும் இருக்காது, இணையம் அவ்வளவு மெதுவு. சுற்றுலாப் பயணி என்று யாரும் உங்களைத் துரத்தவும் மாட்டார்கள். வேறு நாடுகளில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் மாலை, மணி, பொம்மை என்று நீட்டுவார்கள் அல்லவா? இங்கே மிஞ்சிப்போனால் ஒரு பையன் வந்து "இந்தியாவா?" என்று கேட்டுவிட்டு ஏதாவது ஓர் இந்தி நடிகர் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவான்.

கட்டடங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், பலர் அதற்காகவே போகிறார்கள். எத்தியோப்பியாமேல் படையெடுக்க முசோலினி தயாரானபோது எரித்ரியா இத்தாலியின் கையில் இருந்தது. 1935க்கும் 1941க்கும் இடையில் ஆயிரக்கணக்கான இத்தாலியர் வந்து குவிந்தார்கள். ஒரு நகரத்தையே அவசரமாகக் கட்ட வேண்டியிருந்தது. சொந்த ஊரில் செய்ய முடியாத சோதனைகளையெல்லாம் கட்டடக் கலைஞர்கள் இங்கே செய்துபார்த்தார்கள். விளைவு: கப்பலைப் போல வளைந்த வீடுகள், வட்ட ஜன்னல்கள், சினிமா ரோமா, சினிமா இம்பேரோ என்று 1937இல் கட்டிய தியேட்டர்கள். சினிமா ரோமாவின் கூடத்தில் உட்கார்ந்து மக்கியாட்டோ என்ற இத்தாலியக் காப்பி குடிக்கலாம், படத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்றில்லை.

எல்லோரும் படமெடுப்பது ஃபியட் தாலியேரோவை. 1938இல் கட்டிய ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். ஆனால் ஆகாய விமானத்தைப் போலக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் விமானி அறை மாதிரி ஒரு கோபுரம். இரண்டு பக்கமும் 15 மீட்டர் நீளத்துக்கு கான்கிரீட் இறக்கைகள், அடியில் ஒரு தூண்கூட இல்லாமல். முட்டுக் கொடுக்காமல் இது நிற்காது என்று அதிகாரிகள் சொல்ல, கட்டியவர் கியுசெப்பே பெத்தாத்சி திறப்பு நாளன்று துப்பாக்கியைக் காட்டி மேஸ்திரியை மிரட்டி முட்டுக்கட்டைகளை உருவவைத்தார் என்று ஊரில் ஒரு கதை. நிஜமோ பொய்யோ, இறக்கை இன்னும் நிற்கிறது. நான் அதன் நிழலில் ஒரு மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். தலைக்குமேல் அவ்வளவு கனம் எந்தப் பிடிமானமும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நின்றால், மழையே தேவலை என்று தோன்றும்.

கொஞ்ச தூரத்துக்குள்ளேயே செங்கல்லில் எழுப்பிய கத்தோலிக்கப் பேராலயம், பெரிய பள்ளிவாசல், என்டா மரியம் என்ற ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், 1906இல் கட்டிய யூத ஜெபக்கூடம். எல்லாவற்றையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம்.

அழகாக இருக்கிறது என்று சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சுவர்களை எழுப்பக் கல் சுமந்த எரித்ரியர்களுக்கு அந்தக் காப்பிக்கடைகளில் உட்கார இடம் இல்லை. இத்தாலியரின் இனவெறிச் சட்டம் ஊரையே பிரித்திருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வடக்கே அபா ஷாவுல் என்ற நெருக்கடியான பகுதி. அங்கேயும் ஒரு சாயங்காலம் போய்வாருங்கள். மண்ணும் தகரமுமாக வளைந்து வளைந்து போகும் சந்துகளைப் பார்த்தபின் நடு ஊரின் அகலமான வீதிகள் வேறு மாதிரி தெரியும்.

இத்தனையும் எப்படித் தப்பின? 1961 முதல் 1991 வரை முப்பது வருஷம் எத்தியோப்பியாவோடு விடுதலைப் போர். பெரும்பாலும் மலைகளில்தான் நடந்தது. 1991 மே 24 அன்று போராளிகள் அஸ்மாராவுக்குள் நுழைந்தபோது தெருச் சண்டை இல்லாமலே ஊர் கைமாறியது. 1993இல் முறைப்படி தனி நாடு. பிறகு 1998 முதல் 2000 வரை மறுபடி எல்லைப் போர். அதற்கப்புறம் பொருளாதாரம் எழுந்திருக்கவே இல்லை. பழைய நகரப் பகுதியில் புதுக்கட்டடத்துக்குத் தடையும் வந்தது. ஆக, இடிக்கப் பணமும் இல்லை, இடிக்க அனுமதியும் இல்லை. 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. நமக்கு இதமாகத் தெரிகிற அந்த அமைதிக்கும், அந்த ஊர்ப் பையன்கள் வெளிநாடு போகத் துடிப்பதற்கும் காரணம் ஒன்றேதான். இதை மறந்துவிட்டு அஸ்மாராவை ரசிக்க என்னால் முடியவில்லை.

அஸ்மாராவில் இன்னும் ஓர் இடம், மெதெபெர். பழைய வணிகர் சாவடி, இப்போது தகரப் பட்டறைகளின் காடு. வெளிநாட்டிலிருந்து பொருள் வருவது அரிது என்பதால் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். பழைய எண்ணெய் பீப்பாயை வெட்டி அடுப்பு, லாரி டயரை அறுத்துச் செருப்பு, டப்பாவை நசுக்கி விளக்கு. நூறு சுத்தியல் ஒரே நேரத்தில் அடிக்கிற சத்தம் வாசலிலேயே காதை அடைக்கும். உள்ளே இன்னொரு மூலையில் பெண்கள் பெர்பெரே அரைப்பார்கள். மிளகாய்வற்றலோடு இஞ்சி, பூண்டு, ஏலம், வெந்தயம் எல்லாம் சேர்ந்த பொடி. மிளகாய் மில்லுக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவன் நான். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்து, விடாமல் ஏழெட்டுத் தும்மல். அரைத்துக்கொண்டிருந்த அம்மா வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் முகத்தில் துணிகூடக் கட்டவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தெஃப் என்ற கடுகைவிடச் சிறிய தானியத்தின் மாவைப் புளிக்க வைத்து, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி, மூடி வேகவைப்பது இஞ்செரா. திக்ரிஞாவில் தைத்தா. மேலே முழுக்கக் கண் கண்ணாக இருக்கும், திருப்பிப் போட மாட்டார்கள். ஆப்பத்தின் நடுப்பகுதியையும் புளித்த தோசையையும் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஈரத்துணி மாதிரி துவளும். அதையே தட்டாக விரித்து, குழம்புகளை அதன்மேலேயே ஊற்றி, எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். வலது கைதான். நமக்குப் பாடம் தேவையில்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு ரகசியம். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி விரதம் இருப்பார்கள். ஈஸ்டருக்கு முன்னால் சேர்ந்தாற்போல 55 நாள். விரதம் என்றால் கறி, முட்டை மட்டுமில்லை, பாலும் நெய்யும்கூடக் கிடையாது. விரதத்துக்கு "த்ஸோம்" என்று பெயர். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், கடைக்காரர் கேள்வி கேட்காமல் ஷிரோ என்ற கடலை மாவுக் குழம்பு, திம்திமோ என்ற பருப்புக் குழம்பு, ஹம்லி என்ற கீரை எல்லாம் கொண்டுவந்து வைப்பார். என் மனைவி முட்டைகூடச் சாப்பிடாதவள். இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூடப் பட்டினி கிடக்கவில்லை. பாரிஸில் கிடந்திருக்கிறாள். அசைவக்காரர்கள் ஸிக்னி கேளுங்கள், பெர்பெரே போட்ட மாட்டிறைச்சிக் குழம்பு, கார விஷயத்தில் நம் செட்டிநாட்டுக்கு அண்ணன்.

காப்பி மக்கியாட்டோவாகவும் கிடைக்கும், ஆனால் வீட்டுக்கு யாராவது கூப்பிட்டால் அந்த நாளை மறந்துவிடுங்கள், மற்ற வேலை எதுவும் நடக்காது. பச்சைக் கொட்டையைச் சின்னச் சட்டியில் உங்கள் கண்ணெதிரே வறுப்பார்கள். கருகி எண்ணெய் விடும்போது சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் கொண்டுவந்து காட்டுவார்கள். புகையைக் கையால் இழுத்து மோந்து "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். பிறகு இடித்து, கொஞ்சம் இஞ்சி சேர்த்து, ஜெபெனா என்ற நீண்ட கழுத்து மண்கூஜாவில் கொதிக்க வைப்பார்கள். கூஜா வாயில் நாரைத் திணித்து வடிகட்டுவார்கள். நம் விரல் உயரக் கிண்ணத்தில் பாதிக்குச் சர்க்கரை. கொறிக்கச் சோளப்பொரி. மூன்று சுற்று: அவெல், கலாய், பெரெக்கா. முதல் சுற்று கடுப்பாக இருக்கும், அதே தூளில் மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றுவதால் மூன்றாவது லேசாகிவிடும். பெரெக்கா என்றால் ஆசீர்வாதம். அதைக் குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரர் மனம் சங்கடப்படும். ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். முதல் தடவை எனக்கு அது தெரியாது. இரண்டாவது கிண்ணத்தோடு எழுந்து "வகுப்பு இருக்கிறது" என்றேன். பாட்டி வாசலில் நின்று மறித்துவிட்டார்.

எழுத்தைப் பற்றி ஒரு வரி. திக்ரிஞா எழுதும் கீஸ் எழுத்து பார்வைக்கு மிரட்டும். ஆனால் நம் உயிர்மெய் மாதிரிதான்: ஒரு மெய்க்கு ஏழு உயிரோடு ஏழு வடிவம், கால் சேர்ப்பது, கொம்பு போடுவது எல்லாம் உண்டு. தமிழ் படித்தவருக்கு ஒரு வாரத்தில் கடைப்பலகை எழுத்துக்கூட்ட வந்துவிடும். நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பேச்சுக்கு "செலாம்", "யெக்கன்யெலெய்" இரண்டும் போதும். வணக்கம், நன்றி.

அஸ்மாராவிலிருந்து செங்கடல் துறைமுகமான மசாவாவுக்கு இறங்குவதைத் தவறவிடாதீர்கள். 115 கிலோமீட்டர் சாலை, 2,300 மீட்டர் இறக்கம். காலையில் மேகத்துக்கு மேலே கிளம்புவீர்கள். ஊரைத் தாண்டியதும் மலை செங்குத்தாக விழும். கீழே பஞ்சு விரித்த மாதிரி மேகம், ஓரத்தில் பபூன் குரங்குக் கூட்டம். அரை மணிக்கு ஒரு தரம் ஒரு சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். மசாவாவை நெருங்கும்போது டொகாலி. 1887இல் எத்தியோப்பியத் தளபதி ராஸ் அலுலாவின் படை இங்கேதான் 500 பேர் கொண்ட இத்தாலியப் படையைக் கிட்டத்தட்ட முழுசாக அழித்தது. பக்கத்திலேயே தெரியும் தண்டவாளம் இத்தாலியர் போட்டது. 118 கிலோமீட்டர், முப்பது சுரங்கம், 1911இல் அஸ்மாராவைத் தொட்டது. போரில் தண்டவாளங்களைப் பிடுங்கிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டுவிட்டார்கள். விடுதலைக்குப் பிறகு வெளிநாட்டுக் கடன் வேண்டாம் என்று சொல்லி, எழுபது, எண்பது வயதான பழைய ரயில்வேக்காரர்களைத் தேடிக் கூட்டிவந்து அவர்களைக் கொண்டே மறுபடி போட்டார்கள். பழைய நீராவி எஞ்சின்களையும் அவர்கள்தான் ஓடவைத்தார்கள். இது தினசரி வண்டி இல்லை, குழுவாகச் சேர்ந்து முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் ஓடும். நாங்கள் போனபோது ஓடவில்லை.

மசாவாவில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அறையும். உலகின் மிக வெப்பமான ஊர்களில் ஒன்று. கோடையில் போவது முட்டாள்தனம், டிசம்பர் முதல் பிப்ரவரிவரை சரி. துருக்கியர் கட்டிய பவளக்கல் வீடுகள், மரச்சட்ட ஜன்னல்கள், குறுகிய சந்துகள். 1990இல் போராளிகள் கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்து ஊரைப் பிடித்தார்கள். பிறகு எத்தியோப்பிய விமானங்கள் குண்டு போட்டன. பல கட்டடங்கள் இன்னும் அப்படியே வாய் பிளந்து நிற்கின்றன. பேரரசர் மாளிகையின் குவிமாடத்தில் ஓட்டை. அதன் படிக்கட்டில் ஆடு தூங்குகிறது. ஒரு காலத்தில் பனியா என்று அழைக்கப்பட்ட குஜராத்தி வணிகர்கள் இங்கே தங்கி, தஹ்லாக் தீவு முத்துகளைப் பம்பாய்க்கு அனுப்பினார்கள்.

இரவு மீன். யெமன் பாணி. முழு மீனை முதுகோடு பிளந்து, மசாலா தடவி, தந்தூர் மாதிரி ஆழ அடுப்பின் உள்ளே தொங்கவிட்டு எடுப்பார்கள். கூடவே அதே அடுப்பில் சுட்ட, தட்டைவிடப் பெரிய ரொட்டி. தெருவிலேயே மேசை, தலைக்குமேல் ஒரே ஒரு பல்பு, காலடியில் பூனைகள். முள் உட்பட அவை சுத்தம் செய்துவிடும்.

மசாவாவுக்குத் தெற்கே ஸுலா வளைகுடாவில் அதூலிஸ் இருக்கிறது, பழைய துறைமுகம், இப்போது மண்மேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளஸ் கடல்வழிக் குறிப்பு, அதூலிஸிலிருந்து யானைத் தந்தமும் ஆமையோடும் போனதையும், இந்தியாவிலிருந்து இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் அங்கே வந்து இறங்கியதையும் சொல்கிறது. அதே குறிப்பில்தான் சேரர் துறைமுகமான முசிறியும் வருகிறது. அந்தக் குறிப்பின் தலைப்பிலுள்ள "எரித்ரா" என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சிவப்பு என்று பொருள். 1890இல் இத்தாலியர் தங்கள் குடியேற்றத்துக்குப் பெயர் வைத்தது அதிலிருந்துதான். நாட்டின் பெயரே செங்கடல்.

வடமேற்கே 90 கிலோமீட்டர் போனால் கெரன். திங்கட்கிழமை போங்கள், ஆற்றுமணலில் ஒட்டகச் சந்தை கூடும். பக்கத்தில் ஒரு பெரிய பாவோபாப் மரத்தின் பொந்துக்குள் மாதா கோயில். ஆனால் என்னை உட்கார வைத்தது அங்கே இருக்கும் போர்க் கல்லறை. 1941 பிப்ரவரி, மார்ச்சில் இத்தாலியரோடு நடந்த கெரன் சண்டையில் முன்வரிசையில் நின்றவை இந்தியப் படையின் 4ஆவது, 5ஆவது டிவிஷன்கள். ராஜபுதன ரைஃபிள்ஸ் சுபேதார் ரிச்பால் ராம் இங்கேதான் இறந்தார், விக்டோரியா கிராஸ் என்ற வீர விருது இறந்தபின் வந்தது. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்களுக்குத் தனி நினைவிடம் இருக்கிறது. ஊரின் இன்னொரு பக்கம் இத்தாலியக் கல்லறை. அங்கே வரிசை வரிசையாக "பெயர் தெரியாத அஸ்காரி" என்று மட்டும் பொறித்த கற்கள். இத்தாலிக்காகச் சண்டை போட்ட எரித்ரியச் சிப்பாய்கள். பிரிட்டனுக்காக வந்தவர் ஒரு பக்கம், இத்தாலிக்காக நின்றவர் மறுபக்கம். இருவருக்கும் இடையே என்ன பகை இருந்திருக்கும் என்று நாங்கள் இருவரும் பேசவில்லை. வெயில் ஏறிவிட்டது, டீ குடிக்கப் போய்விட்டோம்.

சைக்கிளைச் சொல்லாமல் விட்டால் என் மாணவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. ஞாயிறு காலை வீதியை மறித்துப் பந்தயம் நடக்கும், பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டிகள் நிற்பார்கள். அஸ்மாராவில் பிறந்த பினியம் கிர்மாய் 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று, அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பச்சைச் சட்டையும் வாங்கினார். கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவருக்கு இரண்டுமே முதல் தடவை. 2022இல் ஜிரோ என்ற இத்தாலியப் பந்தயத்தில் ஒரு கட்டம் ஜெயித்து மேடையில் பாட்டிலைத் திறந்தபோது கார்க் கண்ணில் அடித்துப் பந்தயத்திலிருந்தே விலக வேண்டியதாகிவிட்டதும் இவருக்குத்தான்.

சரி, பாதுகாப்பு. திருட்டு, வழிப்பறி என்று கேட்டால், இரவு பதினொரு மணிக்கு அஸ்மாராவில் என் மனைவி தனியாக நடந்து மருந்துக்கடைக்குப் போய்வந்தாள். நம் ஊரில் அனுப்பியிருக்க மாட்டேன். எல்லைப் பகுதிகள் வேறு கதை, அங்கே போகவே வேண்டாம். எத்தியோப்பியாவோடு 2018இல் சமாதானம் ஆனது, ஆனால் உறவு மறுபடி கசந்திருக்கிறது. கிளம்பும் வாரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விசா முன்கூட்டியே வாங்க வேண்டும், டெல்லியில் தூதரகம் இருக்கிறது. அவசரம் காட்டினால் நடக்காது, இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். அஸ்மாராவைத் தாண்டி எங்கே போனாலும் தனி அனுமதிச் சீட்டு. ஊர், தேதி எல்லாம் அதில் இருக்கும், சோதனைச் சாவடியில் காட்ட வேண்டும். கெரனுக்கு நான் தேதியைத் தப்பாக எழுதிக் கொடுத்திருந்தேன். சாவடியில் இருந்த சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. என்னைவிட அவன்தான் அதிகம் சங்கடப்பட்டான். ஆனாலும் திருப்பி அனுப்பிவிட்டான். மறுநாள் புதுச் சீட்டோடு வந்தோம், அவனே சிரித்துக்கொண்டு கயிற்றை இறக்கினான். பணம் டாலராகவோ யூரோவாகவோ கையில் எடுத்துப் போக வேண்டும். நம் கார்டு எந்த இயந்திரத்திலும் வேலை செய்யாது. உள்ளே நுழையும்போது எவ்வளவு கொண்டுவந்தீர்கள் என்று எழுதிக் கொடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வெளியே வரும்போது கேட்பார்கள். அரசு அலுவலகம், ராணுவம், பாலம், இவற்றைப் படமெடுக்காதீர்கள். வீட்டில் "பத்து நாள் போன் வராது" என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

அங்கே போவது சரிதானா என்றும் சிலர் கேட்பதுண்டு, நியாயமான கேள்வி. 1993 முதல் ஒரே அதிபர், இசையாஸ் அஃபெவெர்கி. நாடு தழுவிய தேர்தல் இதுவரை நடக்கவில்லை. 2001 செப்டம்பரில் தனியார் பத்திரிகைகளை மூடினார்கள், அப்போது பிடித்த பத்திரிகையாளர்கள் விசாரணையே இல்லாமல் உள்ளே போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பை எல்லாப் பிள்ளைகளும் ஸாவா என்ற ராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும். அதற்கப்புறம் தேசியச் சேவை, எப்போது முடியும் என்பது யாருக்கும் தெரியாது. என் மாணவன் ஒருவன் ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் வந்து, "சார், இந்தியாவில் பாஸ்போர்ட் எப்படி வாங்குவார்கள்?" என்று கேட்டான். விண்ணப்பம் போடுவோம், போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், தபாலில் வரும் என்றேன். "எல்லோருக்குமா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எல்லோரும் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்?" என்றான். அடுத்த பருவத்தில் அவன் பெயர் பதிவேட்டில் இல்லை. அவன் எங்கே என்று யாரையும் நான் கேட்கவில்லை. நான்கு வருஷத்தில் கற்றுக்கொண்ட நாகரிகம் அது.

நான் போகச் சொல்வேன். அங்கே வருகிற ஒவ்வொரு வெளியாளும் அந்த மக்களுக்கு ஒரு ஜன்னல், நமக்கும்தான். ஆனால் அரசியலை நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், உங்களோடு காப்பி குடித்தவர் அங்கேதான் இருப்பார். அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், திரும்பச் சொல்லாதீர்கள்.

பத்து நாளை எப்படிப் பிரிப்பது என்றால்: அஸ்மாராவுக்கு ஐந்து, மசாவாவுக்கு இரண்டு, கெரனுக்கு ஒன்று, மீதியை அனுமதிச் சீட்டுக்கு அலையவும் காப்பி குடிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே கொஹைதோ என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளும் மலைவிளிம்பும் அருமை, ஒரு நாள் கிடைத்தால் போங்கள்.

மசாவா வேண்டாம், மேட்டு நிலம் மட்டும் போதும் என்றால் ஜூலை, ஆகஸ்டில்கூடப் போகலாம். பிற்பகலில் மழை கொட்டும், ஆனால் அப்போதுதான் பெலெஸ் பழம். நம் சப்பாத்திக்கள்ளிப் பழமேதான், தெருமுனைக்கு ஒருவர் வாளியில் தண்ணீரோடு வைத்து விற்பார். இரண்டு நுனியையும் நறுக்கி, நடுவில் ஒரு கீறல் போட்டுத் தோலைப் பிரித்துக் காட்டுவார், நீங்கள் உள்ளே இருக்கும் பழத்தை மட்டும் எடுத்து வாயில் போட வேண்டும். குளிர்ந்த, மெல்லிய இனிப்பு, வாய் நிறைய விதை. ஐந்துக்கு மேல் சாப்பிட்டால் மறுநாள் வயிறு இறுகிப்போகும் என்று அவரே எச்சரிப்பார். தோலை மட்டும் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பூமுள், ஒட்டினால் மூன்று நாளைக்கு விடாது. எதற்கும் பையில் ஒரு முள்வாங்கி போட்டுக்கொள்ளுங்கள்.